தட்டைப் பிரிக்கும் வீடுகள்

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் சூழ்ந்த அரியலூர்ச் சீமையிலும், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்க் கரிசல் கிராமங்களிலும், மாதக்கணக்கில் இருமுகிற ஒருவரை விசாரித்தால், தூசி என்றும் உடம்புச் சூடு என்றும் பீடிச் சளி என்றும் காரணங்கள் வருமேயன்றி, க்ஷயரோகம் என்னும் காசநோயின் பெயர் எளிதில் வாயில் வராது. கலியாணத்துக்குப் பெண் நிற்கிற வீடாயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சளிப் பரிசோதனையில் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டாலோ, வீட்டில் முதலில் பிரிவது தட்டும் டம்ளரும்தான். மருமகளுக்கு வந்ததென்றால் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவதும் உண்டு. மகனுக்கு வந்தால் அப்படி யாரும் அனுப்புவதில்லை. பாத்திரத்தினால் இந்நோய் பரவுவதில்லை, இருமலில் காற்றோடு கலக்கும் கிருமியினாலேயே பரவுகிறது என்றிருக்க, தட்டைப் பிரித்த அதே குடும்பம் பனிக்காற்று ஆகாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் படுப்பது என்ன விவேகமோ!

இந்தப் பயத்துக்குப் பதில் நம் சென்னையிலேயே கிடைத்தது என்பதுதான் விசேஷம். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்து ஓய்வும் நல்ல உணவும் தந்து, மறு சாராரை நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே இருக்கச் செய்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு உலக வைத்தியர்களை வியப்பிலாழ்த்தியது: குணமடைந்ததில் பெரிய பேதமில்லை, நோயாளி வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றதால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. சானடோரியங்களின் காலம் அத்துடன் முடியத் தொடங்கியது. நம் வீட்டுத் திண்ணைகளில்தான் அது இன்னும் முடியவில்லை.

மருந்து தொடங்கிய மறுநாள் சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போவதைக் கண்டு, ரத்தமோ என்று கலங்கி மாத்திரையை மூலையில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே. முதல் நாளே இதைச் சொல்லியனுப்பினால் பாதிக் கலக்கம் தீரும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் வேலைக்குப் போய் மருந்தை மறப்பது அதனினும் பெரிய ஆபத்து. சாதாரணமாக ஆறு மாதம் தின்றாக வேண்டிய மருந்து அது, நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். உணவுக்கென அரசு தரும் தொகை மாதம் 1,000 ரூபாயாக 2024-இல் உயர்ந்திருக்கிறது. அது நோயாளியின் வயிற்றுக்கே போகட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றறிந்தால், சிறு குழந்தைகளையும் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.