நீர்வண்ணத்தில் சிங்கப்பூர் ஆறு

லிம் செங் ஹோ (1912–1979) அலுவலகப் பணிக்கிடையே சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அமர்ந்து சரக்குப் படகுகளை நீர்வண்ணத்தில் தீட்டியவர். விரைந்து உலரும் நீர்வண்ணம், அசையும் படகுக்கும் மாறும் ஒளிக்கும் ஏற்ற ஊடகமாகும். நீரின் மினுக்கத்திற்குத் தாளின் வெண்மையையே விட்டுவைப்பது அதன் மரபு.

1977இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணியையொட்டி, 1983இல் அப்படகுகள் அங்கிருந்து அகற்றப்பட்டன. மறைந்த அத்தொழிலுக்கு இவ்வோவியங்கள் இன்று சான்றாகின்றன.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே ஆற்றில் சரக்குப் படகு செலுத்தியோருள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் சூலியா முன்னோர் பலர். அங்குள்ள சூலியா தெருவும் சூலியா பள்ளிவாசலும் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நம் இல்லங்களில் எஞ்சியுள்ள கடிதங்களையும் கணக்கேடுகளையும் பேணுவோமாயின், அவர்தம் உழைப்பிற்கும் சான்று நிலைக்கும்.