மலை தெரிந்தது, மனிதர்கள் எப்போது தெரிந்தார்கள்?

அன்று

1974-இல் பிலிம்ஸ் டிவிஷன் 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' என்று ஒரு குட்டிப் பாட்டுக் கார்ட்டூனை வெளியிட்டது. ஓடும் நேரம் ஏழு நிமிடம்தான். விஜயா முலே இயக்கினார், பீம்சேன் சித்திரங்களை அசைய வைத்தார். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகச் சிறகடித்து வலையோடு எழும்பிப் பறக்கும். எலிகள் வலையைக் கடித்து விடுவிக்கும். உடையும் மொழியும் பல, நாம் ஒன்று என்று பாட்டு முடியும். தூர்தர்ஷன் புண்ணியத்தில் இந்தி தெரியாத பிள்ளைகளுக்கும் அந்த மெட்டு மனப்பாடம்.

நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் 'பல'வில் நீலகிரி எங்கே? தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகளின் மலை இது. படகர்களுக்கும் தனி மொழி உண்டு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறார்கள். சினிமாவோ ஊட்டிக்கு டூயட் பாடத்தான் வந்தது. 1998-இல் 'தில் சே' படத்துக்காக மலை ரயிலின் கூரைமேல் ஆடிய பாட்டு உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் யார் வாழ்கிறார்கள் என்பது அந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை.

இன்று

2022-இல் ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ், 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். முதுமலை தெப்பக்காடு முகாமில் குட்டியானை ரகுவை வளர்த்த பொம்மனும் பெள்ளியும், காட்டுநாயக்கர்களான அவர்களே, தங்கள் பெயரோடு திரையில் வந்தார்கள். மகளை இழந்து அழுதபோது ரகு துதிக்கையால் கண்ணீரைத் துடைத்ததைப் பெள்ளி சொல்லும் இடத்தில், அவர் யாருக்கும் பின்னணி அல்ல. கதையே அவருடையது. 2023-இல் படம் ஆஸ்கர் வென்றது. அதே ஆண்டு தமிழக அரசு பெள்ளியை யானைக் காவடியாக, அதாவது பாகனின் உதவியாளராக, நியமித்தது. தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர். கதைப் படங்களிலும் மலையின் முகம் தெரிகிறது: கோத்தகிரியில் பிறந்த படகப் பெண் சாய் பல்லவி, தென்னிந்தியாவே கொண்டாடும் நாயகி.

இது பெரிய மாற்றம், மனசு நிறைகிறது. ஆனாலும் பாதி வழிதான் வந்திருக்கிறோம். பொம்மனும் பெள்ளியும் திரையில் பேசியது பெரும்பாலும் தமிழ். தங்கள் தாய்மொழியில் ஒரு கார்ட்டூன் பாட்டைக் கேட்டு வளரும் வாய்ப்பு காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு இன்னும் அமையவில்லை.

இனி எடுக்கும் ஏழு நிமிடப் படம் அவர்களுக்காக இருக்கட்டும். கதையைத் தோடர்களின் ஊரான மந்திலும் பணியர் குடியிருப்பிலும் உள்ள பாட்டிகள் சொல்லட்டும். இசையைக் கோத்தர்களின் குழலும் பறையும் தரட்டும். வரைய அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுப்போம். பலரும் ஒன்று என்று பாடுவதற்கு முன்னால், அந்தப் பலரும் தங்கள் குரலில் பாட வேண்டும்.