டிஸ்க் மெதுவானதா, உண்மையைச் சொல்லத் தொடங்கியதா?

லினக்ஸ் கணினியில் ஒரு சினிமாவைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்து பாருங்கள். கோடு விறுவிறுவென்று ஓடி 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். எடுக்கலாம் என்று 'எஜெக்ட்' அழுத்தினால், "இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, பிடுங்காதீர்கள்" என்று சில நிமிடம் காக்க வைக்கும். அப்படியானால் அந்த 100 சதவீதம் எதற்குக் கணக்கு?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை அப்டேட் செய்த மறுநாள் "டிஸ்க்கில் எழுதும் வேகம் பாதியாகிவிட்டது" என்று புகார் வந்தால், விசாரணையை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுதினோம் என்றால் எங்கே?

ஒரு புரோகிராம் 'இதை எழுது' என்றதும் கெர்னல் அதை நேரே டிஸ்க்குக்குக் கொண்டுபோவதில்லை. ரேமில், பேஜ் கேஷ் என்ற இடத்தில் வைத்துவிட்டு 'ஆச்சு' என்கிறது. டிஸ்க்குக்கு இன்னும் போகாத பக்கங்களுக்கு டர்ட்டி என்று பெயர். வழக்கமான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை பின்னணி வேலையாள் விழித்துப் பார்ப்பான். 30 நொடிக்கு மேல் கிடப்பதை டிஸ்க்குக்கு அனுப்புவான். டர்ட்டி பக்கங்கள் பயன்படுத்தக்கூடிய ரேமில் 10 சதவீதத்தைத் தாண்டினால், 30 நொடி ஆகட்டும் என்று காத்திருக்க மாட்டான். 20 சதவீதத்தை எட்டினால், எழுதும் புரோகிராமையே கெர்னல் பிடித்து நிறுத்திவிடும்.

டேட்டாபேஸ்களுக்கு இந்த 'ஆச்சு' போதாது. மின்சாரம் போனால் ரேமில் உள்ளது போச்சு. அதனால் அவை எஃப்சிங்க் என்ற அழைப்பைப் பயன்படுத்துகின்றன. கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது சாதாரண எழுத்து. ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பும்வரை வாசலில் நிற்பது எஃப்சிங்க்.

முதலில் அளவுகோலைச் சந்தேகியுங்கள்

8 ஜிபி ரேம் உள்ள மெஷினில் 500 எம்பி ஃபைலை எழுதி நேரம் பார்த்தால், நீங்கள் அளந்தது ரேமின் வேகத்தை. கடைசியில் எஃப்சிங்க் செய்து, அதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் டிஸ்க்கின் கணக்கு வரும்.

எஸ்எஸ்டியில் இன்னொரு பொறி உண்டு. பலவற்றில் ஒரு பகுதி மட்டும் அதிவேகமாக எழுத ஒதுக்கப்பட்டிருக்கும். அது நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். பழைய கெர்னலை முதலிலும் புதியதை அடுத்தும் சோதித்தால், பழி புதியதன் தலையில் விழும். ஆகவே சோதனைகளை மாற்றி மாற்றி, ஐந்து தடவையாவது ஓட்டுங்கள். சராசரியோடு நிற்காமல், மிகக் குறைந்ததும் மிக அதிகமும் எவ்வளவு என்று பாருங்கள். பழைய கெர்னலே தடவைக்குத் தடவை 30 சதவீதம் ஆடினால், புதியதில் 10 சதவீதம் குறைந்தது என்பது செய்தியே அல்ல.

அமைப்புகளும் தானாக மாறியிருக்கலாம். 2019இல் வந்த லினக்ஸ் 5.0 பழைய ஐஓ ஷெட்யூலர்களை அடியோடு நீக்கியது. எந்த எழுத்து முதலில் டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துபவை அவை. பழைய ஷெட்யூலரை நம்பி வைத்திருந்த செட்டிங் அதன்பின் வேலை செய்யாது.

பாதி பாதியாக

இதற்குப் பிறகும் வேகம் குறைவுதான் என்றால், எந்த மாற்றம் காரணம்? கெர்னலின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் நுழைவது சாதாரணம். ஆனால் திருவிழா சீரியல் செட் எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு பல்பாகவா கழற்றுகிறார்? நடுவில் டெஸ்டர் வைத்து, கோளாறு எந்தப் பாதியில் என்று பார்க்கிறார். கெர்னலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளில் உள்ள பைசெக்ட் கட்டளையும் அதைத்தான் செய்கிறது. நடுவிலுள்ள பதிப்பை அது எடுத்துக் கொடுக்கும். நீங்கள் கம்பைல் செய்து, பூட் செய்து, அதே சோதனையை ஓட்டி 'நல்லது', 'கெட்டது' என்று பதில் சொல்ல வேண்டும். 16,384 மாற்றங்கள் இருந்தாலும் 14 சுற்றில் ஒன்றே மிஞ்சும். ஒரே ஒரு சுற்றில் தவறான பதில் சொன்னால் போதும், சம்பந்தமில்லாத மாற்றத்தில் போய் நிற்பீர்கள். அளவுகோலுக்கு அத்தனை பாடுபட்டது இதற்காகத்தான்.

கிடைத்தது குற்றவாளியா?

2009 இறுதியில் இப்படித்தான் நடந்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் சோதனை வேகம் புதிய கெர்னலில் சரிந்தது. பைசெக்ட் காட்டியது எக்ஸ்ட்-4 ஃபைல் சிஸ்டத்தில் வந்த ஒரு திருத்தத்தை. அதற்கு முன்பு எஃப்சிங்க், ஃபைலில் டர்ட்டி அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. பின்னணி வேலையாள் முந்திக்கொண்டு அந்த அடையாளத்தை அழித்திருந்தால், ஜர்னல் (ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) பதிவு முடியாமலேயே 'ஆச்சு' என்று திரும்பிவிட வழி இருந்தது. திருத்தம் வந்தபின், அந்த ஃபைலைக் கடைசியாக மாற்றிய ஜர்னல் பதிவு எது என்று நினைவில் வைத்து, அது டிஸ்க்கில் சேரும்வரை எஃப்சிங்க் காத்திருந்தது. அட்டையில் கையெழுத்து விழாமலேயே விழுந்ததாகச் சொன்ன நேரம்தான் முன்பு மிச்சமாகியிருந்தது.

இப்படி முன்கூட்டியே 'ஆச்சு' சொல்வதைக் கண்டுபிடிக்கச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 முறை சுற்றும். ஒரே ஃபைலின் கடைசியில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்து, வரிக்கு ஒரு எஃப்சிங்க் செய்தால், நொடிக்குச் சுமார் 120க்கு மேல் போக வழியில்லை. அப்படிப்பட்ட டிஸ்க் ஆயிரக்கணக்கில் காட்டினால், நடுவில் பேட்டரியோடு கூடிய கேஷ் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ முன்கூட்டியே தலையாட்டுகிறார்கள்.

ஆகவே, பைசெக்ட் ஒரு மாற்றத்தைக் காட்டியதும் அதைத் திரும்ப எடுக்கச் சொல்லாதீர்கள். அதன் விளக்கத்தைப் படித்து, பழைய வேகம் எந்த வேலையைச் செய்யாமல் விட்டது என்று பாருங்கள். எதையும் விடவில்லை என்றால் அது பிழை. எண்களோடு புகார் கொடுங்கள். விட்டிருந்தால், மாற வேண்டியது உங்கள் புரோகிராம். அந்த ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரம் வரிகளைத் தனித்தனியாக உறுதிசெய்ய எட்டு நொடிக்கு மேல் ஆகும். ஆயிரத்தையும் ஒரே டிரான்சாக்ஷனில் கட்டி அனுப்பினால் ஒரு கையெழுத்துக்குக் காத்திருந்தால் போதும்.