பழைய காரின் ஏசி நின்றுவிட்டதா? கொம்பிறசரை மாற்றமுன் கசிவைத் தேடுங்கள்

கனடாவுக்கு வந்த எங்கள் குடும்பங்கள் பல முதலில் வாங்குவது ஒரு பழைய காரைத்தான். சிலருக்கு முப்பது, நாற்பது வருடம் பழைய அமெரிக்கக் கார்களில் தனி விருப்பமும் உண்டு. எஞ்சின் நன்றாகத்தான் ஓடும். ஆனால் யூலை மாத வெயிலில் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏசியைப் போட்டால் சூட்டுக் காற்றுத்தான் வரும். கராஜுக்குக் கொண்டுபோனால், “கொம்பிறசர் போய்விட்டது, புதிது போடவேண்டும்” என்பார்கள். இரவு பகலாக உழைத்த சம்பளம் அதோடு முடிந்துவிடும். அந்தப் பதிலுக்குத் தலையாட்டமுன் சில விடயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொம்பிறசரின் வேலை என்ன?

கொம்பிறசர் ஒரு பம்பிதான். எஞ்சின் பெல்ற் அதைச் சுற்றுகிறது. அது காஸை அமுக்கிச் சூடாக்கி, றேடியேற்றருக்கு முன்னால் உள்ள கொண்டென்சருக்கு அனுப்பும். அங்கே சூடு வெளியேற, காஸ் திரவமாகும். பின்னர் ஒரு ஒடுங்கிய வழியால் புகுந்து, டாஷ்போர்டின் உள்ளே இருக்கும் இவப்பரேற்றரில் விரிந்து குளிரும். அதன் மேலால் ஊதும் காற்றுத்தான் எங்களுக்கு வருகிறது. காஸ் திரும்பவும் கொம்பிறசருக்கே போய்ச் சேரும்.

இது மூடிய சுற்று. காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். அத்துடன் கொம்பிறசருக்கு வேண்டிய ஒயிலும் காஸோடு சேர்ந்தே ஓடுகிறது. காஸ் குறைந்த நிலையில் ஓட்டினால் ஒயில் வந்து சேராமல் நல்ல கொம்பிறசரும் பழுதாகிவிடும்.

முதன்முதலில் ஏசியோடு விற்பனைக்கு வந்த கார் 1940ஆம் ஆண்டு மொடல் பக்காட். அதன் கொம்பிறசருக்குக் கிளச் இல்லை. குளிரை நிறுத்த எஞ்சினை நிற்பாட்டிப் பெல்ற்றைக் கழற்றவேண்டும்! பின்னர் வந்த கார்களில் மின்காந்தக் கிளச் இருக்கிறது. காஸ் மிகவும் குறைந்தால், பல கார்களில் ஓர் அழுத்தச் சுவிற்ச் கிளச்சுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். கொம்பிறசரைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பார்க்கிறவருக்குக் கொம்பிறசர் செத்துப்போனது போலத் தோன்றும்.

நீங்களே பார்க்கக்கூடியவை

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பொனற்றைத் திறந்து, தள்ளி நின்று பாருங்கள். சால்வை, சங்கிலி, தளர்ந்த உடுப்பு எதுவும் பெல்ற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது. பெல்ற் ஓடும் சக்கரம் எப்போதும் சுற்றும். அதன் முன்னால் உள்ள தட்டும் சேர்ந்து சுற்றுகிறதா என்பதே கேள்வி. சுற்றாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பியூஸையும் வயரையும் பாருங்கள். 12 வோல்ற் மின்சாரம் வந்தும் தட்டுப் பிடிக்காவிட்டால் பிழை கிளச்சில். அநேகமான பழைய கொம்பிறசர்களில் கிளச்சைத் தனியாக மாற்றலாம்.

அடுத்து, குழாய்ப் பூட்டுகளையும் கொம்பிறசரின் உடலையும் பாருங்கள். ஒயில் பிசுக்கோடு ஊத்தை படிந்திருந்தால் அந்த இடத்தில்தான் கசிவு இருக்கக்கூடும்.

என்னோடு வேலை செய்யும் ஓர் அண்ணரிடம் 1985ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ் சுப்ரீம் இருக்கிறது. ஒரு கராஜில் புதுக் கொம்பிறசர் போடச் சொன்னார்கள். அவர் இன்னொரு கராஜுக்குப் போனார். அங்கே காஸோடு சாயம் விட்டு, ஊதா விளக்குப் பிடித்துப் பார்த்தார்கள். கொம்பிறசரின் வெளிக்கூட்டுக்குள் இருக்கும் இறப்பர் வளையத்தால் கசிந்திருந்தது. 1980களின் ஜெனரல் மோட்டோர்ஸ் கார்கள் பலவற்றில் வந்த ‘ஆர்4’ என்னும் கட்டைக் கொம்பிறசருக்கு இது தெரிந்த வருத்தம். வளையங்களை மாற்றியதோடு விடயம் முடிந்தது.

பழைய காஸும் புதிய காஸும்

1990களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் இருந்தது ஆர்-12 காஸ். ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்பாட்டின் வழியில் கனடா போன்ற நாடுகளில் அதன் உற்பத்தி 1996 தொடக்கத்தோடு நின்றது. அந்தக் கார்களைப் பெரும்பாலும் ஆர்-134ஏ காஸுக்கு மாற்றுகிறார்கள்.

வெறுமனே காஸை மாற்றி நிரப்பினால் போதாது. பழைய கனிம ஒயில் புதிய காஸோடு கலக்காது. அதை வெளியேற்றி எஸ்ரர் போன்ற பொருத்தமான ஒயில் விடவேண்டும். பூட்டு வாய்களும் மாறவேண்டும். காஸின் நிறையும் முன்னையதில் 80 முதல் 90 வீதம் வரைதான். உங்கள் கார் மாற்றப்பட்டதா என்பதைப் பொனற்றின் கீழ் உள்ள ஒட்டுத்தாளில் பாருங்கள்.

உண்மையாகவே கொம்பிறசர் பழுதென்றால்

அரைக்கிற சத்தம், இறுகிப்போன அச்சு, ஒயிலில் உலோகத் துகள், இவைதான் உண்மையான பழுதின் அடையாளங்கள். அப்போது கராஜில் இந்த நான்கையும் கேளுங்கள்:

1. குழாய்களைக் கழுவுவீர்களா? துகள் நின்றால் புதுக் கொம்பிறசரும் அரைபடும்.
2. ஈரம் உறிஞ்சும் உருளையை மாற்றுவீர்களா?
3. காஸ் விடமுன் குறைந்தது அரை மணித்தியாலமாவது வெற்றிடம் இழுப்பீர்களா? உள்ளே ஈரம் நின்றால் அமிலம் உண்டாகும்.
4. எவ்வளவு ஒயில், எவ்வளவு காஸ் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?

செய்யக்கூடாதவை

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் தகப்பன்மார் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தத் துணிவில் இங்கே காஸ் குழாயைக் கழற்றாதீர்கள். பீறிடும் காஸ் கண்ணையும் தோலையும் உறையவைக்கும். ஒன்ராறியோவில் அதைக் காற்றில் திறந்துவிடுவது சட்டவிரோதம். கையாளச் சான்றிதழ் வேண்டும்.

டப்பாவில் வரும் கசிவு அடைக்கும் மருந்தையும் விடாதீர்கள். அது வால்வுகளையும் அடைக்கலாம். சில டப்பாக் காஸ்கள் புரொப்பேன் வகை, தீப்பற்றக்கூடியவை. அவை விட்ட காரைப் பல கராஜ்கள் தொடவே மாட்டா.

ஏசி திருத்திய பின் அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்காக ஓடாத கொம்பிறசரில் அச்சுச் சீல் காய்ந்து கசியத் தொடங்கும். பனிக்காலத்திலும் கொஞ்சம் வெப்பமான நாட்களில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கண்ணாடியில் படியும் புகாரும் அதோடு விலகும். பழுது இருந்தால் மே மாதத்திலேயே காட்டுங்கள். வெயில் ஏறியபின் கராஜ்களில் வரிசை நீளும்.