வேலை போனதா? ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்

சுங்கைவே தொழிற்சாலையோ, பெட்டாலிங் ஜெயா அலுவலகமோ, ஆட்குறைப்பு என்றதும் சில முதலாளிகள் முதலில் நீட்டுவது ராஜினாமா கடிதத்தைத்தான். "நீங்களாகவே விலகினால் பெயர் கெடாது" என்பார்கள். நம்பிக் கையெழுத்திட்டால், சட்டம் உங்களுக்குத் தரும் பணம் கைநழுவும்.

2018 ஜனவரி முதல் மலேசியாவில் வேலை காப்புறுதித் திட்டம் நடப்பில் உள்ளது. தனியார் துறை ஊழியரும் முதலாளியும் சம்பளத்தில் ஆளுக்கு 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் இத்திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது.

எவ்வளவு கிடைக்கும்?

முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதங்கள் தலா 40, கடைசி இரண்டில் தலா 30. கணக்கில் எடுக்கும் சம்பளம் 3,000 ரிங்கிட் என்றால் ஆறு மாதத்துக்கு 8,100 ரிங்கிட். சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். முதல் முறை கேட்பவர், வேலை போவதற்கு முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

யாருக்கு இல்லை?

தாமாக விலகியவர், ஒப்பந்தம் முடிந்தவர், பணி ஓய்வு பெற்றவர், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர் ஆகியோருக்கு இல்லை. பாலியல் தொல்லை தாங்காமல் விலகியவர்கள் கேட்கலாம். நிறுவனத்தின் தன்விருப்பப் பிரிவுத் திட்டத்தில் வெளியேறியவர்களும் கேட்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் சொக்சோ இணையத்தளத்திலோ அலுவலகத்திலோ விண்ணப்பியுங்கள். அடையாள அட்டை, பணிநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். தொடர்ந்து வேலை தேடுவதற்கான ஆதாரமும் காட்ட வேண்டும். சீக்கிரம் வேலை கிடைத்தாலும் நஷ்டமில்லை. எஞ்சிய தொகையில் 25 விழுக்காடு கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1-300-22-8000.

முதலாளி தர வேண்டியது தனி. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத ஊழியர் ஓராண்டாவது வேலை செய்திருந்தால், சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆட்குறைப்பு இழப்பீடு உண்டு. இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஏழு நாளுக்குள் தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? அதுவும் பணிநீக்கமே என்று வாதிடச் சட்டத்தில் இடம் உண்டு. 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்கீழ் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுங்கள்.

வேலை காப்புறுதித் தொகை யாரும் போடும் பிச்சையன்று; மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம். வெட்கப்பட்டுப் பொறுத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். இன்றே சம்பளச் சீட்டை எடுத்து, சந்தா கட்டப்படுகிறதா என்று பாருங்கள்.