பட்டறைக்கு எத்தனை அடி?

மோட்டார்ப் பித்து என்று ஒன்று உண்டு. வைத்திய நூல்களில் அதற்கு இடம் இல்லை. ஆயினும் அதனால் பீடிக்கப்பட்டவர்களை நேயர்கள் தங்கள் பந்துக்களுக்குள்ளேயே கண்டிருக்கக்கூடும். ஓடாத பழைய வண்டி ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் அடியில் படுத்து, உடம்பெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டு பரமானந்தம் அடைகிறவர்கள் இவர்கள். சீட்டாட்டத்தோடும் குதிரைப் பந்தயத்தோடும் ஒப்பிட்டால் இது சாதுவான பித்து என்றே சொல்லவேண்டும். வீட்டில் உள்ளவர்களும் முதல் வண்டியை மன்னித்துவிடுகிறார்கள். கலகம் பிறப்பது, "இதற்கென்று ஒரு பட்டறை கட்டப்போகிறேன்" என்று வீட்டுக்காரர் வாய் திறக்கும் அன்றுதான். எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்னும் அந்தக் கேள்வி முற்றத்தைத் தொடுகிறது; சேமிப்பைத் தொடுகிறது; சில இடங்களில் விளைநிலத்தையே தொட்டுவிடுகிறது.

கொல்லிமலையில் அது விளைநிலத்தைத் தொட்டிருந்தது. செம்மேட்டுக்கு அருகே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், தம் பட்டறை விஷயமாக யோசனை சொல்லும்படி நம்மை அழைத்திருந்தார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. நாற்பதுக்கு மேல் எண்ணுவதை நாம் விட்டுவிட்டோம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட இந்த மலையில் சாமையும் மிளகும் காப்பியும் பலாவும் விளைகின்றன. விளையாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: சமதரை.

நண்பரிடம் அம்பாஸிடர் கார் ஒன்றும், பழைய ஜீப் ஒன்றும் இருக்கின்றன. அவர் காகிதத்தில் வரைந்து வைத்திருந்த பட்டறையோ 60 அடி நீளம், 40 அடி அகலம்! இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்துவிட்டு வந்ததன் விளைவு என்று தெரிந்தது. நாமக்கல் பட்டறைக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. வெறும் சட்டமும் எஞ்சினுமாக வந்து சேரும் நீண்ட லாரிகளுக்கு மரமும் இரும்பும் கொண்டு கூண்டு கட்டிக் கொடுப்பது அவர்கள் ஜீவனம். பத்துப் பேர் ஒரே சமயத்தில் நின்று வேலை செய்யும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை ஒருவராக உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழுவும் மனிதருக்கு அந்த அளவு எதற்கு?

60-க்கு 40 என்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள சாமை நிலத்தில் பெரும் பகுதியும், மிளகு காயப்போடும் களமும், கொடி ஏறிய இரண்டு பலா மரங்களும் போய்விடும். நண்பருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணா, காருக்கு இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிளகுக்கு வெயில் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்" என்றார். அன்று நாம் கேட்ட பேச்சுக்களில் நியாயம் நிரம்பியது இதுவே.

பட்டறை பெரிதாக இருந்தால் மட்டும் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ஹென்றி போர்டு என்பவர் மின்சாரக் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே, பாக்லி வீதியில் தாம் குடியிருந்த வாடகை வீட்டின் பின்புறத்துச் செங்கல் கொட்டகையில் தம் முதல் மோட்டார் வண்டியைச் செய்தார். சைக்கிள் சக்கரம் போன்ற நான்கு சக்கரங்கள் வைத்த சிறு வண்டி. 1896 ஜூன் 4-ந் தேதி விடியுமுன் வண்டி தயாராகிவிட்டது. வெளியே தள்ளப் போனபோதுதான் வண்டியின் அகலம் வாசலின் அகலத்தைவிட அதிகம் என்பது தெரிய வந்தது. போர்டு கோடரியை எடுத்துச் சுவரை இடித்துத்தான் வண்டியை வீதிக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகளை ஓட விட்ட மனிதருக்கும் முதல் பட்டறையில் வாசல் அளவு தப்பிவிட்டது!

அப்படியானால் சரியான அளவு எது? வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிலத்திலிருந்தோ ஆசையிலிருந்தோ அன்று. அம்பாஸிடர் கார் 14 அடிச் சொச்சம் நீளம், ஐந்தரை அடி அகலம். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரையில் உற்பத்தியான இந்த வண்டி, உருவத்தில் யானைக்குட்டியாகத் தோன்றினாலும் இடத்தைப் பொறுத்தவரையில் பெரும் பேராசைக்காரன் அல்ல. அதன் இரு பக்கத்துக் கதவுகளையும் முழுதும் திறந்து வைத்து, ஒரு மனிதர் முழங்கை இடிக்காமல் சுற்றி வர, பக்கத்துக்கு மூன்றரை அடி விடவேண்டும். ஒரு சுவரோரம் ஒன்றரை அடி அலமாரி. ஆக அகலம் 14 அடி. நீளத்தில், எஞ்சினைத் தூக்கி முன்புறமாக வெளியே எடுக்க 5 அடி. வைஸ் பொருத்திய வேலை மேஜைக்கு இரண்டரை அடி. பின்னால் டிக்கியைத் திறந்து நிற்க இரண்டரை அடி. ஆக நீளம் 24 அடி. வாசல் 9 அடிக்குக் குறையக்கூடாது. போர்டு கதையைக் கேட்ட பிறகு இதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னால், "வண்டி நிற்கிறது, நானும் நிற்கிறேன், போதும்" என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பூட்டிய வண்டிக்கு வேண்டிய இடம் வேறு, பிரித்த வண்டிக்கு வேண்டிய இடம் வேறு. நான்கு கதவுகள், பானெட், ஆசனங்கள், மட்கார்டுகள், கியர்ப் பெட்டி, நூற்றுக்கணக்கான திருகாணிகள் எல்லாம் வெளியே வந்து படுத்துக்கொண்டால், வண்டி நின்ற இடத்தைப் போல் இன்னொரு மடங்கு இடத்தை அடைத்துவிடும். பொழுதுபோக்குப் பட்டறைகளில் வேலை பாதியில் நின்றுபோவதற்குப் பணமுடை ஒரு காரணம் என்றால், கழற்றிய பாகம் எங்கே போயிற்று என்று தேடிச் சலித்துப் போவது அதைவிடப் பெரிய காரணம்.

ஆனால் இந்தப் பிரித்துப் பார்க்கும் வித்தையில்தான் நம் தேசத்துக்கு லாபம் இருக்கிறது. கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, வாலிபத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ருட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டிப் பார்த்தார். அவர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியதும், 1937-இல் கோவையிலேயே மின்சார மோட்டார் தயாரானதும் அந்தப் பிரித்துப் போட்ட ருட்ஜ் வண்டியிலிருந்து கிளைத்தவை என்றால் மிகையாகாது. பிரித்தது ஒரே வண்டி என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பரீட்சையில் தேறிவிட்டு ஸ்பானர் பிடிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் நிறைந்த நாட்டில், வீட்டுக்கு ஒரு சிறு பட்டறை இருப்பது ஆடம்பரம் என்று நாம் கருதவில்லை.

ஆகவே நண்பருக்கு நாம் சொன்னது இது. எத்தனை வண்டி வைத்திருந்தாலும் பிரிப்பது ஒன்றே. அந்த ஒன்றுக்குத்தான் சுவரும் கதவும் பூட்டும் உள்ள பட்டறை. ஓடும் நிலையில் இருக்கும் ஜீப்புக்கு ஒரு தாழ்வாரம் போதும். பட்டறையின் ஒரு முனையில் கழற்றிய பாகங்களுக்கென்று 10 அடியில் அலமாரி அறை ஒன்று சேர்த்துக்கொண்டால் மொத்தம் 34-க்கு 14. அதாவது 2,400 சதுர அடி என்று தொடங்கியது 476 சதுர அடியில் வந்து நிற்கிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு அந்த அலமாரி அறைகூட இவ்வளவு பெரிதாக வேண்டாம். மலையில் அப்படியல்ல. ஒரு கேஸ்கெட் வாங்கவும் 70 வளைவு இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய், மறுபடி 70 வளைவு ஏறவேண்டும். அன்றைய தினம் அத்துடன் சரி. மலைப் பட்டறைக்காரர் இரண்டு மாதத்துச் சாமானைக் கையிருப்பில் வைத்தே தீரவேண்டும்.

மலைச்சரிவு இன்னொரு கணக்கையும் வைத்திருக்கிறது. நண்பரின் நிலத்தில் மூன்று அடி உள்ளே போனால் ஒரு அடி உயருகிறது. மண்ணை வெட்டிச் சமன் செய்து கட்டுவதானால், 40 அடி உட்புறமாகப் போகும் கட்டடத்துக்குப் பின்னால் 13 அடிக்கு மேல் செங்குத்தான மண் நிற்கும். 14 அடி மட்டும் உள்ளே போனால் நிற்கும் மண் 5 அடிக்கும் குறைவு. ஈர மண் தாங்குசுவரைத் தள்ளும் விசை, உயரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறுவது. உயரம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இந்த இரண்டு சுவர்களையும் ஒப்பிட்டால் வித்தியாசம் ஏறக்குறைய எட்டு மடங்கு! ஐப்பசி மழையில் ஊறிய மலை, சுவர் கட்டியவரின் ஆசையைப் பார்த்து இரங்குவதில்லை. எனவே மலையில் பட்டறையைச் சரிவுக்குக் குறுக்காக நீட்டிக் கட்டவேண்டும். சரிவுக்குள் ஆழமாகக் குடையக்கூடாது. வண்டி முனை வழியாக உள்ளே வந்து, மலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும். சின்னச் சுவராயினும் நீர் வடியத் துவாரங்கள் விடவேண்டும் என்பதும், மலைப் பகுதியில் கட்டடத்துக்கு உரிய அனுமதியை முன்னதாகவே பெறவேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

வண்டியின் அடியில் வேலை செய்யப் பட்டறை நடுவே பள்ளம் தோண்டுவது பலருக்கு வழக்கம். நமக்கு அதில் சம்மதம் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும். ஒரு பொறி போதும். மலையில் மழைக்காலத்தில் ஊற்றுநீர் வேறு சுரந்து நிற்கும். ஆனால் சரிவு உள்ள இடத்தில் பள்ளமே தேவையில்லை. நிலம் இறங்கும் விளிம்பில், பட்டறைக்கு வெளியே, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு உறுதியான மேடைகளைக் கட்டிவிட்டால், வண்டி மேலே நிற்க, மனிதர் கீழே நிமிர்ந்து நின்றே வேலை பார்க்கலாம். பக்கம் திறந்திருப்பதால் ஆவி தங்காது; மேடை நுனியில் சக்கரத்தைத் தடுக்கும் கட்டை மட்டும் மறக்கக்கூடாது. கூரைக்கு வெறும் தகரம் போட்டால் பனிக்காலத்து இரவில் அதன் அடிப்புறம் வேர்த்துச் சொட்டும். கழற்றி வைத்த எஞ்சினுக்கு அதைவிடப் பகைவன் இல்லை. ஓடு உத்தமம். செயின் பிளாக் தொங்கவிடும் இரும்புக் கர்டரைக் கூரையில் கட்டாமல், தனித் தூண்களில் 10 அடி உயரத்தில் நிறுத்தவேண்டும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னும் இரண்டு வண்டி சகாயமாக வருகிறதே, 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்குச் சர்க்கார் தனிப் பதிவுகூடத் தருகிறார்களாமே" என்று மெல்லத் தொடங்கினார். உண்மைதான். 2021-இல் வந்த விதியின்படி, அசல் உருவம் மாறாத அத்தகைய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு பதிவு எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். காட்சிக்கும், பந்தய ஊர்வலத்துக்கும், எண்ணெய் போடவும், பழுது பார்க்கவுமே சாலைக்கு வரலாம், வாடகைக்கு ஓட்டலாகாது. இந்த விவரத்தை நாம் சொல்லி முடிக்கும்போது நண்பரின் மனைவி அளவுநூலையும் முளைக்குச்சிகளையும் எடுத்து வந்துவிட்டார். 34-க்கு 14 என்று நால்வருமாகச் சேர்ந்து அளந்து குச்சி அடித்தோம். பலா மரம் இரண்டும் நூலுக்கு வெளியே நின்றன. களத்தின் ஓரத்தில் மட்டும் இரண்டடி உள்ளே வந்தது. அதை அந்த அம்மாள் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டார்.

இன்னும் ஒரு மூலை அளக்க வேண்டியிருந்தது. கழிவு எண்ணெய்க்கு உரிய இடம் எந்தப் படத்திலும் காணப்படுவதில்லை. நண்பருடைய படத்திலும் இல்லை. கொல்லிமலையில் சிந்தியது எதுவும் அங்கேயே தங்குவதில்லை. ஓடைகள் ஐயாற்றில் சேர்கின்றன. அது அறப்பளீசுவரர் கோயிலைக் கடந்து ஆகாய கங்கை அருவியாக விழுந்து, கீழே உள்ள ஊர்களுக்குப் போகிறது. ஆகவே தாழ்வாரத்தின் ஓரத்தில், மழைச்சாரல் படாத இடத்தில், சிமெண்டு விளிம்பு கட்டிய நான்கடிச் சதுரம் ஒன்று ஒதுக்கினோம். மூடியுள்ள இரண்டு டின்கள் அங்கே நிற்கும். சாமான் வாங்க நாமக்கல்லுக்கு இறங்கும்போதெல்லாம் நிறைந்த டின்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் இடத்தில் சேர்ப்பிப்பதாக நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.