ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள்

இங்கு ஜேர்மனியில் தோட்டக் காணி எடுத்து நாலைந்து கோழி வளர்க்கும் எம்மவர்கள் சிலர் இருக்கிறார்கள். "சுத்த இனம்" என்று கூடிய விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. நான் விட்ட பிழையை அவர்கள் விடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரிடம் வையன்டொட் சேவல் ஒன்றும் பேடுகள் மூன்றும் வாங்கினேன். இந்த இனத்துக்குக் கொண்டை வாள்பல்லுப் போல நிமிர்ந்து நிற்காது. தலையோடு படிந்து, சிறு பருக்கள் நிறைந்து, பின்பக்கம் கூராக முடியும். இதை றோசாக் கொண்டை என்பார்கள். அடைவைத்துப் பொரித்த 11 குஞ்சுகள் வளர்ந்தபோது மூன்றுக்கு எங்கள் ஊர்க்கோழி மாதிரி ஒற்றைக் கொண்டை! கலப்புக் கோழியைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து, இரண்டு கிழமை அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

மார்கழியில் எங்கள் ஊர் வளர்ப்போர் சங்கத்தின் கண்காட்சிக்குப் போனேன். நடுவர் ஒவ்வொரு கோழியாகக் கையில் எடுத்துப் பார்த்தார். முதலில் உடலமைப்பும் நிற்கும் தோரணையும். பிறகு கொண்டை, கண், காதுமடல், இறகின் நிறம், கால். லெகோர்ன் என்றால் காதுமடல் வெள்ளை, றோட் ஐலன்ட் றெட் என்றால் சிவப்பு. இரண்டுக்கும் கால் மஞ்சள். கொடுக்கும் உச்சப் புள்ளி 97. 90க்குக் கீழே போனால் தேறாது. காலில் ஆண்டு பொறித்த வளையமும் இருக்கவேண்டும். அதைக் குஞ்சுப் பருவத்திலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் வளையம் வயதைச் சொல்லுமே தவிர, இனச் சுத்தத்தைச் சொல்லாது.

என் குஞ்சுகளின் கதையை அங்கிருந்த வயதான வளர்ப்பாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார்.

கொண்டையின் அமைப்புக்குத் தாயிடமிருந்து ஒரு கூறு, தகப்பனிடமிருந்து ஒரு கூறு வருகிறது. இரண்டில் ஒன்று றோசாவாக இருந்தாலே கொண்டை றோசாவாகிவிடும். மற்றக் கூறு ஒற்றையாக இருந்தாலும் வெளியே தெரியாது. அப்படி மறைத்து வைத்திருக்கும் சேவலும் பேடும் சேர்ந்தால் சராசரி நாலில் ஒரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை வரும். கொண்டை இப்படித்தான் பரம்பரையாக வருகிறது என்பதை 1902இலேயே இங்கிலாந்தில் பேற்சன் என்பவர் காட்டினார். இன்னொன்று: இரண்டு கூறும் றோசாவான சேவல்களுக்குக் கருக்கட்டும் வலு குறைவு. அதனால் மறைவாக ஒற்றைக் கூறு உள்ள சேவலை வேண்டுமென்றே வைத்திருப்போரும் உண்டு.

ஆகவே றோசாக் கொண்டை இருப்பதால் மட்டும் கோழி சுத்தம் என்று சொல்லமுடியாது. ஒற்றைக் கொண்டைக் குஞ்சு வந்ததால் மட்டும் கலப்பு என்றும் சொல்லமுடியாது. அந்தக் குஞ்சைக் கண்காட்சியில் வைக்கமுடியாது, அவ்வளவுதான். வையன்டொட்டின் காலில் இறகு முளைத்தால், ஐந்தாவது விரல் இருந்தால், காதுமடல் வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படலாம். அதுவும் பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தே.

சேவலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒற்றைக் கொண்டைப் பேடுகளோடு விடுங்கள். பத்துக் குஞ்சும் றோசாவாக வந்தால் அநேகமாக மறைவு இல்லை. ஒன்று ஒற்றையாக வந்தாலே உண்மை வெளித்துவிடும்.

திங்கட்கிழமை இடைவேளையில் அந்த நண்பருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். "என்னிடமே கேட்டிருக்கலாமே, எனக்கும் வருசா வருசம் வருகிறது" என்றார்.